மூன்று தெரு தள்ளி ஒரு தாய்வீடு

என் மகள் கவிதாவைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துப் போவதற்காகத்தான் நான் சென்னைக்கு வந்தேன். எட்டு நாள் வேலை. பெட்டியில் நான்கு சட்டை, இரண்டு கைலி, மாத்திரை டப்பா, சம்மந்தி வீட்டுக்கு ஆறு டின் பிஸ்கட். கிள்ளானில் பக்கத்து வீட்டுச் சீனரிடம் சாவியைக் கொடுத்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன். அடுத்த சனிக்கிழமை திரும்பிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தேன். பாவம், அந்த மனிதர் இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

மலேசியாவில் இருந்தாலும் எங்கள் குடும்பத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் கவிதாவின் அம்மா சரசு போய் நான்கு வருடம் ஆகிறது. சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் நான் பிரசவப் பேச்சை எடுத்தபோது, கவிதா, "அம்மா இல்லாத வீடு எப்படிப்பா தாய்வீடு ஆகும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருடம் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். முப்பது டன் கன்டெய்னரை முட்டையை வைப்பது போல இறக்கி வைப்பேன். பெற்ற மகளைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. அவள் அறைக்கு வெளிர்பச்சை அடித்தேன். படம் எடுத்து அனுப்பினேன். பத்தியக் குழம்பு வைக்கப் பழகினேன். முதல் மூன்று தடவை கருகியது. நான்காவது தடவை வைத்ததைப் பக்கத்து வீட்டுச் சீனர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தத் தைரியத்தில்தான் விமானம் ஏறினேன்.

மாப்பிள்ளை சதீஷ் இராயபுரத்துக்காரர். முன்பு கிள்ளான் துறைமுகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தார். ஊர்ச் சாப்பாடு இல்லாமல் வாடிப் போயிருக்கிறாரே என்று தீபாவளிக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டது நான்தான். ஆகவே மகள் கடல் தாண்டிப் போனதற்கு யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

முதல் நாள் விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி, துறைமுகத்தை நெருங்கியதும் நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர் லாரிகள். பின்னாலும் கன்டெய்னர் லாரிகள். டாக்சிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, "அர மணி ஆவும் சார். டீ சாப்புடுறீங்களா?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே இறங்கிப் போய் இரண்டு டீயோடு வந்தார். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக்கில் பாதி அளவு, இரண்டு மடங்கு சர்க்கரை. குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் பெட்டிகளை மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் சம்மந்தி அம்மா லோகநாயகி நின்றிருந்தார். மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருப்பவர். தெருவுக்கே அவர் லோகா அக்கா. "வாங்க சம்மந்தி!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. அன்று சாயங்காலத்துக்குள் முன்பின் தெரியாத நாற்பது பேராவது என்னைப் பார்த்து "வாங்க" என்று சொல்லியிருப்பார்கள். பதிலுக்கு என்ன சொல்வது? கும்பிட்டுக் கும்பிட்டுக் கை வலித்தது.

வஞ்சிரம் வறுவல், நெத்திலிக் குழம்பு, சுறாப் புட்டு. சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலத் தட்டைக் கழுவ எழுந்தேன். நான்கு வருடமாக என் தட்டை நான்தான் கழுவுகிறேன். லோகா பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"தட்ட வைங்க சம்மந்தி. எங்க வூட்ல விருந்தாளி தட்டு கழுவுறதில்ல. குந்துங்க."

குந்தினேன். அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் நான் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே வேலை அதுதான்.

கவிதாவைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வருத்தம் ஒரு பக்கம். வயிறு நன்றாக எழும்பியிருந்தது. கால் வீங்கியிருந்தது. "அப்பா, பாத்ரூம் அங்க கீது" என்றாள். கிள்ளானில் பிறந்து வளர்ந்த பெண், இரண்டே வருடத்தில் கீது என்கிறாள்! நான் முறைத்ததைப் பார்த்துவிட்டு, "இருக்கு, இருக்கு" என்று சிரித்தாள். காற்று மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து திரும்பும்போதெல்லாம் எண்ணெயும் அழுகிய முட்டையும் கலந்த மாதிரி ஒரு வாடை வந்தது. எங்கள் ஊரிலும் புகைமூட்டக் காலம் உண்டு. ஆனால் இங்கே யாரும் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. லோகா பேச்சை நிறுத்தாமலேயே எழுந்து ஜன்னலைச் சாத்தினார். இந்தக் காற்றிலிருந்து பெண்ணை ஒரு வாரத்தில் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் விடியும்போதே தெருவில் ஒரே களேபரம். சுற்றுவட்டத் தெருக்களுக்கெல்லாம் சேர்த்துத் தண்ணீர் லாரி வந்திருந்தது. ஏதாவது ஒரு வேலை செய்தே தீர்வது என்று, வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று குடங்கள் நீளமாக வரிசை கட்டியிருந்தன. நடுவில் ஓர் ஓட்டைக் குடமும் ஒரு முழுச் செங்கல்லும் கிடந்தன. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. குப்பை என்று நினைத்து இரண்டையும் எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, அந்த இடத்தில் என் குடங்களை வைத்தேன். ஒழுங்குபடுத்திய திருப்தியோடு நிமிர்ந்தேன்.

"யோவ் பெரிசு! இன்னா, செங்கல்லுன்னு நெனச்சு தூக்கிப் போட்டியா? அது நான்யா!"

சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி, இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் மும்தாஜ், சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. "காலைல ஸ்கூல் சவாரி போவணும்னு கல்ல வச்சிட்டுப் போறேன். அத்தத் தூக்கி அந்தாண்ட போட்டா நான் எங்க போவேன்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். "ஆள் நின்றால்தானே வரிசை?" என்றும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், வரிசையில் இருந்த எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சத்தம் கேட்டு இறங்கி வந்த லோகா, முதலில் மும்தாஜைத் திட்டினார், பிறகு என்னைத் திட்டினார், பிறகு செங்கல்லைத் தன் கையாலேயே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். அந்தச் செங்கல்லுக்கு இவ்வளவு மரியாதை. தண்ணீர் லாரி குழாய் அதன் முறை வந்ததும் நின்றது. மும்தாஜ் குடத்தோடு வந்து சேரும்வரை ஒருவரும் அதைத் தாண்டிப் போகவில்லை. எங்கள் ஊரில் எண் அச்சடித்த சீட்டு கொடுத்தும் இடையில் நுழைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளைக்கு எண்ணூர்த் துறைமுகத்தில் மத்தியான ஷிப்டு. காலையில் என்னை பைக்கில் உட்காரவைத்துக் காத்திவாக்கம் வரை கூட்டிப் போனார். கழிமுகத்தில் கழுத்தளவு தண்ணீரில் சில பெண்கள் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். "கை வெச்சாலே இறாலா மண்ணான்னு அவங்களுக்குத் தெரியும் மாமா" என்றார் மாப்பிள்ளை. நான் கூண்டில் உட்கார்ந்து லீவரைத் தொட்டாலே பெட்டி ஆடுமா ஆடாதா என்று சொல்லிவிடுவேன். அவரிடம் அதைச் சொன்னேன். "தெரியும் மாமா, கவிதா ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கு" என்றார். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்ததில் ஒரு வசதி, என் முகத்தை அவர் பார்க்க முடியாது.

நான்காம் நாள்தான் இடி விழுந்தது. கர்ப்பிணிகள் விமானம் ஏற டாக்டர் சீட்டு வேண்டும். அதை வாங்கத்தான் போனோம். டாக்டரம்மா கவிதாவின் கையில் பட்டையைச் சுற்றினார், அவிழ்த்தார், பத்து நிமிடம் படுக்கவைத்து மறுபடி சுற்றினார்.

"பிரஷர் கூடியிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, மாத்திரையில கட்டுப்படுத்திடலாம். ஆனா ஃபிளைட்டுக்கு நான் எழுதித் தரமாட்டேன்."

"எப்போ போகலாம் டாக்டர்?" என்று கேட்டேன்.

"பேரப்பிள்ளையக் கையில வெச்சுக்கிட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்ததும் கவிதா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "அம்மா இல்லாத வீடு தாய்வீடு இல்லேன்னு நீதானேம்மா சொன்ன" என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன்.

"அது அப்போ. அந்தப் பச்சை ரூம் படம் அனுப்புனீங்கல்ல, அதிலேர்ந்து போகணும்னுதான் இருந்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தப் படத்தைப் பார்ப்பேன்ப்பா."

மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் துறைமுகக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்ணுக்குத் தாய்வீடு இல்லாமல் போய்விட்டது என்று எனக்கு ஆறவே இல்லை.

இறங்கி வந்தபோது இன்னொரு சிக்கல் காத்திருந்தது. மறுநாள் வளைகாப்பு. வளையல், பூ எல்லாம் வாங்கியாயிற்று. லோகா எல்லாவற்றையும் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"வளையல் போட்டா அன்னிக்கே தாய் வூட்டுக்குக் கெளம்பணும் சம்மந்தி. அதான் மொற. கை நெறைய வளையல போட்டுகினு என் வூட்லயே குந்திகினு கீதுன்னா, அந்தப் பொண்ணுக்கு யாருமில்லன்னுல்ல ஆவும்? அத்த நான் செய்யமாட்டேன்."

"அப்படின்னா வளைகாப்பே வேண்டாமா?"

"வளையல் போடாம பெத்துக்கறதா? அதுவும் ஆவாது."

"பின்னே என்னதாம்மா செய்யறது?"

லோகா சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாய் வூடுன்னா மலேசியாலதான் இருக்கணுமா? நீங்க எங்க கீறீங்களோ அதான் அதுக்குத் தாய் வூடு. இங்கயே ஒரு வூட்டப் பாருங்க."

இது எனக்குத் தோன்றவே இல்லை. கிரேன் ஓட்டுகிறவனுக்குப் பெட்டியைத்தான் நகர்த்தத் தெரியும். வீட்டை நகர்த்தலாம் என்று மீன் கடைக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. விமானச் சீட்டைத் தள்ளிப் போட்டேன். மறுநாள் காலை பசியாறிவிட்டு, இங்கே அதை நாஸ்டா என்கிறார்கள், வீடு தேடக் கிளம்பினேன்.

இரண்டு மாதத்துக்கு வீடு என்றால் யாரும் நின்று கேட்பதுகூட இல்லை. ஒரு வீட்டுக்காரர் நான் தனியாக இருப்பதைக் கேட்டுவிட்டு, "பேச்சுலருக்குக் குடுக்கிறதில்ல சார்" என்றார். அறுபத்து நான்கு வயதில் அதைக் கேட்க ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருந்தது. இன்னொருவர் எல்லாம் பேசி முடித்து, பிரசவத்துக்கு என்றதும் கையைக் கழுவிக்கொண்டார். மூன்று நாள் இப்படியே போயிற்று. ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. கவிதா வீட்டில் இருந்தபடியே, "கிடைச்சுதாப்பா?" என்று மணிக்கொரு தடவை போன் செய்தாள்.

தேடத் தொடங்கிய நான்காம் நாள் டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்று கை காட்டினேன். ஓர் ஆட்டோ நின்றது.

"ஏறு பெரிசு. செங்கல்லு ஓட்டுற ஆட்டோதான், பரவால்லியா?"

மும்தாஜ்! ஏறிக்கொண்டேன். தண்டையார்ப்பேட்டை முழுக்கச் சுற்றிவிட்டு, பசி தாங்காமல் ஒரு வண்டிக்கடையில் அத்தோ சாப்பிட நிறுத்தினோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸாம். முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். எங்கள் ஊரில் வறுத்துத் தரும் மீ கோரெங்கின் ஒன்றுவிட்ட தம்பி போல இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

"இன்னாத்துக்கு இப்டி வெயில்ல வூடு தேடிகினு அலையிற? லோகாக்கா வூட்ல சண்டையா?" என்று மும்தாஜ் கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். பச்சை அறை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கம்மா நான் சின்னதா இருக்கும்போதே மௌத்தாப் போச்சு. ரெண்டு புள்ளயும் மாமியா வூட்லதான் பெத்தேன். வாய்க்கு இன்னா வோணும்னு ஒரு ஆளு ஒரு நாளு கேக்கல." தட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "எங்க மாடில ஒரு ரூமு கீது. சமைக்க எடம் கீது, பாத்ரூம் கீது. மழ பேஞ்சா ஒரு மூலைல ஒழுவும். வேணும்னா எடுத்துக்கோ. எத்தினி மாசம் வேணா இருந்துக்கோ."

போய்ப் பார்த்தேன். லோகா வீட்டிலிருந்து சரியாக மூன்று தெரு. நானே பெயிண்ட் வாங்கி வந்து, கிள்ளானில் அடித்த அதே வெளிர்பச்சையை அடித்தேன். மூன்று கடையில் படத்தைக் காட்டி நிறம் கலக்கச் சொன்னதில் மூன்றாவது கடைக்காரர் என்னை அடையாளம் வைத்துக்கொண்டார். கட்டில், அடுப்பு, குக்கர், பாய், தலையணை என்று மாப்பிள்ளை ஷிப்டு முடிந்து தினம் ஒன்றைத் தூக்கி வந்தார். பெயிண்ட் வாடை போக ஜன்னலைத் திறந்து போட்டு ஒரு வாரம் நான் மட்டும் அங்கே தங்கினேன். குடி போன அன்று மும்தாஜ் மாடி ஏறி வந்து, ஒரு புதுச் செங்கல்லை என் கையில் கொடுத்தார்.

"இத்த நாளைக்கு வரிசைல வை. இனிமே இதான் நீ."

மறுநாள் தண்ணீர் லாரிக்கு நான்கு பேருக்குப் பின்னால் அந்தச் செங்கல்லை வைத்துவிட்டு, வேண்டுமென்றே டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். யாரும் அதை நகர்த்தவில்லை. "மலேசியா, உன் கல்லு வந்திடுச்சு!" என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் ஓடினேன்.

வந்து இருபத்திரண்டாம் நாள் வளைகாப்பு. லோகா வீடு கொள்ளாத கூட்டம். கவிதா பட்டுப் புடவையில், இரண்டு கன்னத்திலும் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். முதல் வளையல் தாய்வீட்டு வளையலாம். அதைத் தட்டில் வைத்து லோகா என்னிடம் நீட்டினார். நான் பின்வாங்கினேன். கூட்டத்தில் வயதான உறவுக்கார அம்மா ஒருவர், "ஆம்பள போடறதா? அதுவும் சம்சாரம் இல்லாத மனுசன்..." என்று இழுத்தார்.

லோகா திரும்பிப் பார்த்தார். "அதுக்கு அம்மாவும் அவுருதான், அப்பாவும் அவுருதான். கடல தாண்டி வந்து, வெயில்ல நாயா அலைஞ்சு, பொண்ணுக்கு வூடு புட்சிருக்காரு. யாருக்குனா பேஜாரா இருந்தா எந்திரிச்சுப் போலாம். சோறு கெடையாது."

யாரும் எழுந்திருக்கவில்லை. கவிதா கையை நீட்டினாள். பச்சைக் கண்ணாடி வளையல் மூட்டில் கொஞ்சம் சிக்கியது. "மெதுவா இறக்குங்கப்பா, முட்டை மாதிரி" என்றாள் காதோரமாக. இறங்கிவிட்டது. எனக்குக் கண்ணை மறைத்தது.

கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது என்பது அந்த வீட்டு முறை. அந்த நேரம் பார்த்து லோகா சமையலறைக்குள் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் பாத்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இத்தனைக்கும் மருமகள் போவது மூன்று தெருவுக்கு.

அந்த மூன்று தெருதான் லோகாவுக்கு முந்தின நாளே பெரிய மனக்குறை. "தாய் வூட்டுக்குப் போறதுன்னா அது ஒரு பயணமா இருக்கணும். எதிர்வூட்டுக்குத் தயிர் வாங்கப் போற மாதிரியா போறது? கடல் ரோட்டுல திருவொற்றியூர் போயி, அம்மனக் கும்புட்டுட்டு, டோல்கேட்டு வழியா வாங்க" என்று கட்டளை. எனக்கு இஷ்டமே இல்லை. பிரஷர் உள்ள பெண்ணை அந்தச் சாலையில் உலுக்கி எடுப்பதா? "டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்ப்பா, மெதுவாப் போனா சரின்னாங்க. எனக்கும் போகணும்" என்று கவிதா பிடிவாதம் பிடித்தாள். மும்தாஜ் ஆட்டோவுக்குப் பூமாலை போட்டு நிறுத்தியிருந்தார்.

போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. கடல் காற்று, வலது பக்கம் கற்களில் மோதுகிற அலை. கோயில் வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். திரும்பும்போது மாட்டிக்கொண்டோம். டோல்கேட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள். நடுவில் எங்கள் மூன்று சக்கரம். கால் மணி போயிற்று. கவிதா முகம் வியர்த்து, புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். அவள் விசிறும்போதெல்லாம் வளையல்கள் குலுங்கின. எனக்குள் பயம் ஏறியது. இவ்வளவு பாடுபட்டு, மூன்று தெரு தள்ளியிருந்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காமல், பெண்ணை நட்டநடு ரோட்டில் வைத்திருக்கிறேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"தலை சுத்துதாம்மா? நெஞ்சு படபடன்னு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"நீங்க கேட்கிறதிலதான் படபடக்குது" என்றாள் கவிதா. பிறகு தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாள். "அப்பா, இதுல ஒண்ணாவது கிள்ளான்ல நீங்க ஏத்தின பெட்டியா இருக்குமா?"

"நான் வேலையை விட்டே மூணு வருசம் ஆச்சும்மா."

"இருந்தாலும்!" என்றவள், மும்தாஜின் தோளைத் தட்டி, "அக்கா, இந்தப் பெட்டியையெல்லாம் எங்கப்பா ஒத்தக் கையால தூக்குவாரு, தெரியுமா?" என்றாள்.

நான் இறங்கிவிட்டேன். பக்கத்து லாரியின் கதவைத் தட்டினேன். டிரைவர் எட்டிப் பார்த்தார். நான் ஆட்டோவைக் காட்டினேன். சந்தனமும் பூவும் வளையலுமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும், அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே குதித்தார். முன் லாரியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார்.

"டேய், மாசமா கீற பொண்ணுடா! அம்மா வூட்டுக்குப் போவுது! ஒதுக்கு வண்டிய!"

அந்தச் செய்தி லாரிக்கு லாரி போயிற்று. இம்மி நகர இடமில்லை என்று நின்றிருந்தவர்கள், ஒருவர் முன்னே அரை அடி, ஒருவர் பின்னே அரை அடி என்று ஒதுக்கினார்கள். அவ்வளவு பெரிய வண்டிகளை அவ்வளவு நிதானமாக நகர்த்துவது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆட்டோ போகிற அளவுக்கு ஒரு சந்து திறந்தது. நான் முன்னால் நடந்து, கூண்டிலிருந்தபோது கீழே நிற்பவர்கள் எனக்குக் காட்டிய அதே சைகைகளைக் காட்டிக்கொண்டே போனேன். வா, வா, கொஞ்சம் இடது, நில், வா. ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். இன்னொருவர், "புள்ள பொறந்தா எங்க பேர வைம்மா" என்றார். பேர் என்ன என்று கேட்பதற்குள் நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

மாடிப் படியைக் கவிதா ஒவ்வொன்றாக ஏறினாள். கதவைத் திறந்தேன். சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கையை வைத்துத் தடவினாள். எங்கள் வீட்டில் கிடந்த மாதிரியே கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தேன். அதில் போய் உட்கார்ந்து, காலை நீட்டி, மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன குழம்புப்பா?"

"பத்தியக் குழம்பு. பிள்ளை பிறந்த பிறகுதான் போடணும். கை மறந்துடக் கூடாதுன்னு வெச்சுப் பார்த்தேன். உனக்கு உப்பு குறைச்சு ரசம் இருக்கு."

"அம்மா குழம்பு வாசனையே வரலையே" என்றாள். பிறகு, "ஆனா நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். படுத்த இரண்டாம் நிமிடம் தூங்கிவிட்டாள். நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, சத்தம் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை காற்று கடலிலிருந்து வந்தது.

வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் படியில் காலடிச் சத்தம். லோகா நின்றிருந்தார். குளித்து, தலைக்குப் பூ வைத்து, நல்ல புடவை கட்டி, கையில் மீன் குழம்புத் தூக்கு. மூன்று வாரமாக அவர் எந்தக் கதவையும் தட்டி நான் பார்த்ததில்லை. இப்போது வாசற்படிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"எங்க வூட்டு மருமவ இங்க கீதா?"

கவிதா விழித்துக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தாள். "நான் எங்க அம்மா வீட்டுக்கு வந்திருக்கேன் அத்தை. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க!"

லோகா சிரித்தார். அந்தச் சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். எங்க அம்மா வீடு என்று அவள் சொன்னதை மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். சரசு இருந்திருந்தால் இந்நேரம் வாசலுக்கு ஓடியிருப்பாள். அப்போதுதான் உறைத்தது. லோகா இன்னும் வெளியிலேயே நிற்கிறார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சொல்ல வேண்டியவன் நான்தான்.

"வாங்க சம்மந்தி" என்றேன். "உள்ளே வாங்க."

இந்த ஊருக்கு வந்து இத்தனை நாளில் நான் ஒருவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் வலது காலை எடுத்து வைத்து வந்தார். பாயில் உட்கார்ந்தார். என் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார். உப்பில்லை என்றார், மறுபடியும் ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும், பழக்க தோஷம், தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போக எழுந்தார்.

நான் முந்திக்கொண்டு தட்டைப் பிடித்தேன்.

"வைங்க சம்மந்தி. எங்க வூட்ல விருந்தாளி தட்டு கழுவுறதில்ல."